ரீல்ஸுக்கு முன்னால் ஒரு சின்னச் சபை

பரதநாட்டிய வகுப்புகள் பலவற்றில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கூடை இருக்கும். ஃபோனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அடவு வகுப்புக்கு அது சரிதான். ஸ்ரீரங்கத்தில் நான் நடத்தும் வகுப்பிலும் அந்தக் கூடை உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அதை எடுத்து உள்ளே வைத்துவிடுவேன். அன்று கல்லூரிப் பெண்கள் சொந்தமாக நடனம் அமைத்துப் பழகும் நாள். அதற்கு ஃபோன் வேண்டும். ஃபோனில் பார்த்ததைப் பற்றி வாய் திறந்து பேசுகிற சக மாணவிகள் அதைவிட வேண்டும். நடனம் அமைக்கக் கற்றுக்கொடுப்பதில் குருவால் செய்ய முடியாத ஒரு வேலையைக் கூடப் படிக்கிறவர்கள் செய்துதர முடியும். அதற்கு வாட்ஸ்அப் குழு கைகொடுக்கும், இன்ஸ்டாகிராம் பெரும்பாலும் கெடுக்கும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இதைச் சொன்னால் என் வயதுடைய ஆசிரியைகள் சிலருக்குக் கோபம் வருகிறது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் நடனக் கல்வியில் ஒரு விசித்திரம் இருக்கிறது. சின்ன வயதில் தட்டடவில் தொடங்குகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்திக் கொடுத்த வரிசையில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று ஏறுகிறார்கள். அப்புறம் அரங்கேற்றம். மண்டபம், பக்கவாத்தியம், மேக்கப், பட்டு, வந்தவர்களுக்குச் சாப்பாடு என்று பெற்றோர் லட்சங்களைச் செலவழிக்கிறார்கள். அடுத்த வாரம் அதே பெண்ணைக் கூப்பிட்டு, “ஆதி தாளத்தில் எட்டு ஆவர்த்தனத்துக்கு நீயே ஏதாவது அமைத்துக் காட்டு” என்றால் திருதிருவென்று விழிப்பாள். அறுபத்து நான்கு அட்சரம், அவ்வளவுதான். அவளைக் குறை சொல்லி என்ன பயன்? அதுவரை அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. “எத்தனை ஐட்டம் தெரியும்?” என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறோம்.

இதை மரபு என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பாலசரஸ்வதி ஒரே வரிக்கு மேடையிலேயே புதிது புதிதாகச் சஞ்சாரி செய்தவர். பழைய நட்டுவனார்கள் ஒவ்வொருவரும் ஜதி கோத்தவர்கள், தீர்மானம் அமைத்தவர்கள். கையில் தட்டுக்கழியோடு உட்கார்ந்துகொண்டு எதிரில் நிற்கிற பெண்ணின் உடம்பைப் பார்த்துப் பார்த்து அடவை மாற்றியவர்கள். அமைப்பது இந்தக் கலையின் உள்ளேயே இருந்தது. அதை நாம்தான் குருவின் தனிச்சொத்தாக ஆக்கி, மாணவிக்கு முடிந்த சரக்கை மட்டும் கொடுத்துப் பழகிவிட்டோம்.

சரி, அமைக்கச் சொல்லிவிட்டோம். அவள் அமைத்ததைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வது யார்? குரு சொன்னால் போதாதா? போதாது. அதற்கு எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண், சத்திரம் பேருந்து நிலையத்தில் ராத்திரி கடைசி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் ஒருத்தியைப் பற்றி மூன்று நிமிடத்துக்கு ஒரு அபிநயம் அமைத்தாள். சாகித்யம் கிடையாது, வீணையில் ஆனந்தபைரவி மட்டும். நடுவில் அந்தப் பெண் தோள்பையின் ஜிப்பைத் திறந்து பர்ஸ் இருக்கிறதா என்று பார்த்து மூடுகிறாள். இது மூன்று தடவை வருகிறது. வீடியோவைக் குழுவில் போட்டாள். முதலில் வந்த குரல்பதிவு இப்படிச் சொன்னது: “ஒரு பொண்ணு மூணு தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறா, ஒவ்வொரு தடவையும் வெளியே வரப் பயந்து சாத்திக்கிறா.” அடுத்ததும் கதவு என்றது. அதற்கடுத்தது ஜன்னல் என்றது. பை என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.

எனக்கு அது பையாகத்தான் தெரிந்தது. ஏனென்றால் அவள் முதல் நாளே என்னிடம் கதையைச் சொல்லியிருந்தாள். கதை தெரிந்த கண்ணுக்குப் பை தெரியாமல் என்ன செய்யும்? சபாவில் வந்து உட்காருகிறவருக்கு முன்கதை சொல்ல ஆள் கிடையாது. குழுவில் இருக்கும் மற்றப் பெண்கள்தான் அவளுக்குக் கிடைத்த முதல் சபை.

அவள் திரும்பிக் கேட்ட கேள்வி அருமையானது. “அந்த இடத்தில் என் கண் எங்கே போகுது?” என்று கேட்டாள். மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். கை இடுப்புப் பக்கம் ஜிப்பை இழுக்கிறது, பார்வை மட்டும் நேராகத் தூரத்தில் நிற்கிறது. பார்வை அப்படி நின்றால் கை திறப்பது கதவாகத்தான் இருக்கும். கை போகிற பக்கம் கண் போக வேண்டும் என்று முதல் வருஷத்திலேயே எல்லாப் பெண்களும் மனப்பாடம் செய்கிற பாடம் அது. மனப்பாடம் ஆனது தன் உடம்பில் எங்கே விட்டுப்போயிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. முத்திரையைத் தொடவில்லை, பார்வையை மட்டும் கீழே இறக்கினாள், பை வந்துவிட்டது. ஆனால் தோழிகள் கண்ட அந்தப் பயத்தை அவள் விடவில்லை. மூன்றாவது தடவை மட்டும் பார்வையைப் பழையபடி நேரே நிறுத்திவிட்டாள். அந்த இடம் இப்போது பையாகவும் இருக்கிறது, வேறு ஏதோவாகவும் இருக்கிறது. நான் திருத்தியிருந்தால் அந்த அழகு வந்திருக்காது. “கண்ணைக் கையில் வை” என்று அதட்டிவிட்டு அடுத்த பெண்ணிடம் போயிருப்பேன்.

இந்த முறை என் கண்டுபிடிப்பு இல்லை. லிஸ் லெர்மன் என்ற அமெரிக்க நடன அமைப்பாளர் 1990இல் வகுத்தது. நாலு படி. பார்த்தவர்கள் முதலில் தங்களுக்கு என்ன தெரிந்தது, எது மனதில் நின்றது என்று மட்டும் சொல்ல வேண்டும். அடுத்து, அமைத்தவர் தனக்கு வேண்டியதைக் கேட்பார். மூன்றாவதாக, பார்த்தவர்கள் கேள்வி கேட்கலாம், கேள்விக்குள் அபிப்பிராயத்தை ஒளித்து வைக்கக் கூடாது. “ஏன் இவ்வளவு நீளமா வச்சே?” என்பது கேள்வி இல்லை, அது தீர்ப்பு. “இந்த இடத்துல எங்களுக்கு என்ன தெரியணும்னு நினைச்சே?” என்பது கேள்வி. கடைசியில்தான் அபிப்பிராயம். அதுவும் “இதைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது, சொல்லலாமா?” என்று அனுமதி வாங்கிக்கொண்டு. வேண்டாம் என்று சொல்ல அமைத்தவருக்கு உரிமை உண்டு.

லெர்மனுக்கு முன்பே இந்த நினைப்பு இருந்திருக்கிறது. நியூயார்க்கில் மெர்ஸ் கன்னிங்ஹாமின் ஸ்டூடியோவில் 1960இல் ராபர்ட் டன் என்ற இசைக்காரர் நடன அமைப்பு வகுப்பு ஒன்று நடத்தினார். நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை ஓரமாக வைத்துவிட்டு, எப்படி அமைத்தாய் என்பதைப் பற்றியே பேசுவதுதான் அங்கே வழக்கம். அந்த வகுப்பில் செய்ததையெல்லாம் 1962 ஜூலையில் ஜட்சன் தேவாலயத்தில் மேடையேற்றினார்கள். மேற்கத்திய நவீன நடனத்தின் போக்கே அங்கிருந்து திரும்பியது.

நமக்கும் இது அந்நியமான சங்கதி இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் தாயார் சந்நிதிக்கு எதிரே, கம்பர் இராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபம் இருக்கிறது. இரணியன் கதையை எதற்கு இதில் சேர்த்தீர் என்று பண்டிதர்கள் மறித்துக் கேட்டார்கள், மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார் என்பது ஊர் சொல்லும் கதை. எல்லோரும் சிங்கர் தலையசைத்ததைச் சொல்லிச் சிலிர்ப்பார்கள். எனக்குப் பண்டிதர்கள் கேட்ட கேள்வி பிடிக்கும்.

மூத்த ஆசிரியை ஒருவர் என்னிடம் கேட்டார்: “அரைகுறைகளை அரைகுறைகள் திருத்துவதா?” நியாயமான கேள்வி. அரைமண்டி சரியாக உட்கார்ந்திருக்கிறதா, நாட்டடவில் கால் முழுதாக நீள்கிறதா, முழங்கை தொங்குகிறதா என்பதெல்லாம் ஓட்டெடுப்புக்கு விடுகிற விஷயம் இல்லை. அது குருவின் வேலை. கழியை யார் கையிலும் கொடுக்க மாட்டேன். ஆனால் நீ சொல்ல நினைத்தது எனக்கு வந்து சேர்ந்ததா, எந்த இடத்தில் என் கவனம் சிதறியது என்பதைச் சொல்வதற்குப் பட்டம் வேண்டாம். பார்த்திருந்தால் போதும். இந்த இரண்டையும் குழப்புவதால்தான் சண்டை வருகிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். குறை கேட்பவளைவிடச் சொல்பவள் வேகமாக வளர்கிறாள். அமெரிக்காவில் ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படிப்பவர்களின் எழுத்து வகுப்பில் லண்ட்ஸ்ட்ரம், பேக்கர் என்ற இருவர் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. பிறர் கட்டுரையைப் பார்த்துக் கருத்துச் சொன்னவர்கள், கருத்துகளைப் பெற்று அவற்றைப் பயன்படுத்தக் கற்றவர்களைவிடத் தங்கள் எழுத்தில் அதிகம் முன்னேறினார்கள். எழுத்துக்குச் சொன்னது ஆட்டத்துக்கும் பொருந்துமா என்று கேட்கலாம். எங்கள் குழுவில் அதிகம் பேசாத பெண் ஒருத்தி இருக்கிறாள். தோழியின் தீர்மானம் ஓரிடத்தில் உட்காரவில்லை என்று சொல்ல வார்த்தை கிடைக்காமல், குரல்பதிவில் சொல்கட்டை முழுசாகச் சொல்லி, தாளம் போட்டு, எங்கே ஒரு மாத்திரை மிஞ்சுகிறது என்று காட்டினாள். இந்தப் பெண்ணுக்கு நட்டுவாங்கம் வரும் என்பது அதுவரை அவளுக்கே தெரியாது.

அதனால்தான் எங்கள் குழுவில் எழுத்தைவிடக் குரல்பதிவுக்கு முதலிடம். தட்டச்சு செய்யச் சொன்னால் “சூப்பர் டி”யும் மூன்று நெருப்புப் பொம்மையும் வரும். பேசச் சொன்னால் வேறு வழியில்லை, ஏதாவது பார்த்திருக்க வேண்டும். பொம்மைகளுக்குத் தடை போட்டிருக்கிறோம். இதற்கு வந்த எதிர்ப்பைப் போல வேறு எதற்கும் வந்ததில்லை.

வயது வித்தியாசம் இன்னொரு சிக்கல். மூத்த பெண் அமைத்ததைப் பற்றி இளையவள் என்ன சொல்வாள்? “அக்கா, செமையா இருக்கு அக்கா.” அவ்வளவுதான். ஆகவே இளையவர்கள் முதலில் பேச வேண்டும், அக்காமார் கடைசியில், அதற்கும் அப்புறம்தான் நான். நான் முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்ற எல்லாப் பதிவும் என் பேச்சுக்கு ஜால்ரா போடும்.

ஃபோனின் கோளாறுகளையும் சொல்லியாக வேண்டும். நிறுத்தி வைத்த ஃபோனில் எடுத்தால் இரண்டு பக்கமும் நீட்டிய கை சட்டத்துக்கு வெளியே போய்விடும். ரீல்ஸ் பார்த்துப் பழகிய பெண்கள் தங்களை அறியாமல் கையைச் சுருக்கி, பக்கவாட்டில் நகராமல், கேமராவைப் பார்த்து நின்ற இடத்திலேயே ஆட ஆரம்பித்துவிடுகிறார்கள். மேடையின் குறுக்கே நடப்பது, மூலையிலிருந்து மூலைக்குப் போவது, முதுகைக் காட்டி நிற்பது எல்லாம் போயே போச்சு. ஆகவே ஃபோனைப் படுக்க வை, உச்சந்தலையிலிருந்து பாதம் படும் தரைவரை தெரியட்டும், எடிட் செய்யாதே என்பது எங்கள் விதி. செல்ஃபி கேமராவில் எடுத்தால் சில ஃபோன்கள் இடம் வலம் மாற்றிச் சேமித்துவிடும். வலக்கையில் பிடித்த சிகரம் இடக்கைக்குப் போய், முருகனைப் பார்க்க வள்ளி எதிர்ப்பக்கம் திரும்பியிருப்பாள். வீடியோவைப் பார்ப்பவள் காதில் ப்ளூடூத் இயர்ஃபோன் இருந்தால் சில ஃபோன்களில் சத்தம் சற்றுப் பிந்தி வரும். தட்டு விழுந்தபின் ஜதி கேட்கும். “தாளம் தப்புது” என்று ஒரு பெரிய வாக்குவாதமே இதனால் நடந்திருக்கிறது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கி அனுப்புவதால் துரிதத்தில் விரல்கள் மங்கிவிடும். எனவே முத்திரையைப் பற்றிய பேச்சு குழுவில் கிடையாது, நேரில்தான். எல்லாப் பெண்ணிடமும் சொந்த ஃபோன் இருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. அப்பா வேலையிலிருந்து வந்தபிறகுதான் சிலருக்கு ஃபோன் கைக்கு வரும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு லேப்டாப்பில் பார்த்துவிட்டு நேரில் பேசுவார்கள்.

இப்போது இன்ஸ்டாகிராமுக்கு வருகிறேன். அரைகுறையாக இருக்கும் ஒன்றை ஊருக்குக் காட்டாதே என்பதில் நான் பிடிவாதக்காரி. லைக் என்பது கருத்து இல்லை. எந்த இடம் பிடித்தது, எது புரியவில்லை என்று அதில் ஒன்றும் தெரியாது. அதோடு தெரியாதவர்கள் வந்து எழுதுவது நடனத்தைப் பற்றியா என்றால் அதுவும் இல்லை. நிறத்தைப் பற்றி, உடம்பைப் பற்றி, ரவிக்கையைப் பற்றி எழுதுகிறார்கள். பதினேழு வயதுப் பெண் அதைப் படித்துவிட்டு மறுநாள் வந்து கண்ணாடி முன்னால் எப்படி நிற்பாள் என்று நினைத்துப் பாருங்கள். கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் விகடனில் எழுதியதும் சரி, சுப்புடு கத்தியைத் தீட்டியதும் சரி, சபா மேடைக்கு வந்துவிட்டவர்களைப் பற்றித்தான். பயிற்சிக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்து அவர்கள் விமர்சனம் எழுதியதில்லை. பிள்ளைகளின் படம் விஷயத்தில் சட்டமும் கறாராகிவிட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவல்களை நிறுவனங்கள் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். வகுப்பு வீடியோவை ஆசிரியை தன் பக்கத்தில் விளம்பரத்துக்குப் போடும் பழக்கத்தை முதலில் நாம் நிறுத்த வேண்டும்.

பொதுவெளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெல்ஜிய நாட்டு நடன அமைப்பாளர் அன் தெரேசா த கீர்ஸ்மாக்கரின் 1983ஆம் ஆண்டுப் படைப்பு ‘ரோஸாஸ் டான்ஸ்ட் ரோஸாஸ்’. அதிலிருந்த அசைவுகள் 2011இல் பியான்ஸேயின் ஒரு பாட்டு வீடியோவில் அனுமதியின்றி இடம்பெற்றுப் பெரிய சர்ச்சையானது. 2013இல் அந்த அம்மையார் ஒரு காரியம் செய்தார். அதே படைப்பின் நாற்காலிப் பகுதியை எப்படி ஆடுவது என்று அவர் தரப்பிலேயே பாட வீடியோக்களாக இணையத்தில் போட்டு, இதைக் கற்றுக்கொண்டு உங்கள் போக்கில் அமைத்து அனுப்புங்கள் என்று எல்லோரையும் அழைத்தார். பள்ளிக்கூடங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் நூற்றுக்கணக்கில் வந்து குவிந்தன. முடிந்த படைப்பு, தெரிந்த பெயர், தெளிவான அழைப்பு. சமூக ஊடகத்தில் நடன அமைப்பைக் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜலாயா ஹார்மன் என்ற பதினான்கு வயதுப் பெண் 2019இல் அமைத்து இன்ஸ்டாகிராமில் போட்ட ‘ரெனகேட்’ நடனம் டிக்டாக்குக்குப் போய் உலகமே ஆடியது. ஆடிப் பெயர் வாங்கியவர்கள் வேறு. 2020 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகுதான் அமைத்தவர் யார் என்று பலருக்குத் தெரிந்தது. நம் ஊரில் இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பையும் நாடகப் படைப்பாகவே கருதுகிறது, எழுத்திலோ வேறு விதத்திலோ பதிவாகியிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. முதல் அரைகுறை வீடியோவிலிருந்து கடைசி வடிவம்வரை தேதியோடு குழுவில் கிடப்பதற்கு இந்த உபயோகமும் இருக்கிறது. எனவே முடிந்த படைப்பை வெளியிடும்போது அமைத்தவள் பெயர், பாட்டை இயற்றியவர் பெயர், பாடியவர் பெயர் மூன்றையும் போடாமல் எங்கள் பெண்கள் யாரும் வெளியிடக் கூடாது. குருவின் பெயர் நாலாவதாக வந்தால் போதும்.

இசைக் கல்லூரிகளிலும் நடனப் பட்டப் படிப்புகளிலும் பாடத்திட்டம் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். நடன அமைப்புத் தாளுக்கு மதிப்பெண் போடும்போது, மாணவி அமைத்ததற்கு மட்டும் போடாதீர்கள். மற்ற மாணவிகளின் படைப்பைப் பார்த்து அவள் என்ன கண்டாள், என்ன கேட்டாள் என்பதற்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். மதிப்பெண் இல்லாத எதையும் நம் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததா?

அரங்கேற்றத்துக்கும் மார்கழிக் கச்சேரிகளுக்கும் போகிற வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். நிகழ்ச்சி முடிந்து அந்தப் பெண்ணைப் பார்க்கப் போகும்போது “ரொம்ப நல்லா ஆடினேம்மா” என்று சொல்லி செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எந்த இடம் உங்கள் மனதில் நின்றது, அங்கே உங்களுக்கு என்ன தெரிந்தது என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போங்கள். நீங்கள் சொல்வது தப்பாக இருந்தாலும் அவளுக்கு உபயோகப்படும்.